சிறு இணையவழி நிறுவனத் தொடக்கத்தில் சட்ட இடர் மேலாண்மை

சட்ட இடர் மேலாண்மை என்பது ஒரு தொழிலுக்கு வழக்கு, அபராதம், இழப்பீடு ஆகியவை வரக்கூடிய இடங்களை முன்கூட்டியே கண்டறிந்து, அவற்றைத் தவிர்க்கவோ குறைக்கவோ வழிசெய்வதாகும். வேலூர், ஆம்பூர் தோல் தொழில் பகுதியில் செருப்பு, பணப்பை, பெல்ட் போன்றவற்றை இணையத்தில் விற்கத் தொடங்கும் சிறு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

பின்னணி

இப்பகுதிக்குச் சட்ட இடர் புதிதன்று. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுப்பதாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வெளிவந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை வலியுறுத்தியது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மாசு தீராததால், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இழப்பீடு, சீரமைப்பு குறித்து ஆணைகள் பிறப்பித்தது.

இணையக் கடை கழிவுநீரை வெளியேற்றுவதில்லை. ஆனால் தொடக்கத்தில் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டால் பின்னால் பன்மடங்கு செலவாகும் என்னும் பாடம் அதற்கும் பொருந்தும்.

நிறுவன வடிவம்

தனி உரிமையாளராகத் தொழில் செய்பவரின் சொந்தச் சொத்தும் தொழிலின் கடனுக்குப் பொறுப்பாகும். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, இரு நண்பர்கள் கூட்டாகத் தொடங்கிய தொழிலில் ஒருவர் வாங்கிய கடனுக்காக மற்றவரின் வீடும் சிக்கலுக்கு உள்ளாகலாம். கூட்டாண்மையைப் பதிவு செய்யாவிட்டால், பணம் தராத வியாபாரிமீது நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் வழக்குத் தொடர முடியாது.

வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, ஒருநபர் நிறுமம் ஆகிய வடிவங்களில் பொறுப்பு பொதுவாக முதலீட்டளவில் நின்றுவிடும். எனினும், வங்கிக் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதக் கையெழுத்து இட்டவருக்கு அக்கடனில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. எந்த வடிவமானாலும் முதலீடு, இலாபப் பங்கு, விலகும் முறை ஆகியவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வது நன்று.

பதிவுகளும் வரியும்

தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பது பொது விதி. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த வரம்பு பொதுவாகப் பொருந்தாது. விற்றுமுதல் எவ்வளவானாலும் பதிவு தேவை. அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இணையக் கடைக்கு முதல் வாடிக்கையாளரே கொல்கத்தாவில் இருந்து வரக்கூடும் என்பதால் பலர் இங்கேதான் தவறுகின்றனர்.

சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளன. எல்லா ஆவணங்களிலும் முகவரி ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பெயரும் வணிகக் குறியும்

வேறொருவரின் பதிவு பெற்ற குறியை ஒத்த பெயரில் கடை நடத்தினால், பெயர்ப்பலகை, பெட்டி, இணையதளம் அனைத்தையும் மாற்ற நேரிடும். எனவே பெயர் வைக்குமுன் வணிகக் குறிப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். தோல் பைகள் 18ஆம் வகுப்பிலும், காலணிகள் 25ஆம் வகுப்பிலும் அடங்கும். தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் செலுத்த வேண்டும். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

நுகர்வோர் உரிமை

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை செலுத்திய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. 1,500 ரூபாய்ச் செருப்பு ஒன்றுக்காக ஆம்பூர் விற்பனையாளர் குவாஹாட்டி ஆணையத்துக்குப் பதில் சொல்ல நேரலாம்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப்பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பழுதான பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. செயற்கைத் தோலை "அசல் தோல்" என விற்பது நேர்மையற்ற வணிகமாகும்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தேவைக்கு மேல் திரட்டாமலும், பிறருக்கு விற்காமலும் இருப்பது பாதுகாப்பானது. 2023ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

வெளிநாட்டு விற்பனை

ஏற்றுமதிக்கு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் தேவை. வாங்கும் நாட்டின் தர விதிகளும் பொருந்தும். குரோமியம் கொண்டு பதனிட்ட தோலில் சில சூழல்களில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகித் தோல் ஒவ்வாமை உண்டாக்கும். உடலில் படும் தோல் பொருள்களில் இதன் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது 2015 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. எனவே தோல் வாங்கும்போதே சோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பெற வேண்டும்.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

1. நிறுவன வடிவத்தை முடிவு செய்து ஒப்பந்தம் எழுதுதல்.
2. பெயரைத் தேடிப் பார்த்து வணிகக் குறிக்கு விண்ணப்பித்தல்.
3. ஜிஎஸ்டி, உத்யம் பதிவுகளை முடித்தல்.
4. திரும்பப் பெறும் விதிகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுதல்.
5. தோல் வாங்கிய ரசீதுகளையும் சோதனைச் சான்றுகளையும் பாதுகாத்தல்.

வரம்புகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுபவை. ஆகவே தொடங்கும் நாளில் தணிக்கையாளர் அல்லது வழக்கறிஞர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்வது அவசியம். அந்த ஆலோசனைக்கு ஆகும் செலவு பெரும்பாலும் ஒரு வழக்குக்கு ஆகும் செலவைவிட மிகக் குறைவு.