விண்மீன்களைத் தேடிச் செல்லும் வண்டி

தில்லியில் மயூர் விகாரிலோ, மும்பையில் மாட்டுங்காவிலோ, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்திலோ குடியிருக்கும் நேயர்கள் இன்றிரவு மொட்டை மாடிக்குச் சென்று வானத்தை அண்ணாந்து பாருங்கள். மேகமில்லாவிட்டால் இருபதோ முப்பதோ விண்மீன்கள் கண்ணில் படலாம். விளக்கற்ற சிற்றூரில், நிலவில்லாத இரவில், வெறுங்கண்ணுக்கே இரண்டாயிரத்துக்கு மேல் தெரியும். மற்றவை எங்கும் போய்விடவில்லை. நம் தெருவிளக்குகளின் ஒளி வானத்துப் புழுதியில் பட்டுச் சிதறி அவற்றை மறைத்துவிட்டது. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், ஆகாச கங்கை என்று பாட்டி சொன்னதைப் பத்து வயது வரை கட்டுக்கதை என்றே எண்ணியிருந்தாள். அவளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் என்னை இந்த முயற்சியில் இறக்கிற்று.

நல்ல தொலைநோக்கி ஒன்று வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். சந்திரனுக்கும், வியாழனுக்கும், சனியின் வளையத்துக்கும் போதும். அவற்றை நகரத்து மாடியிலிருந்தே பார்க்கலாம். ஆனால் மங்கலான அண்டங்களும் ஒளிமேகங்களும் எவ்வளவு பெரிய ஆடியிலும் நகர வெளிச்சத்தில் கரைந்துபோகும். ஆகவே கருவியை இருளுக்குக் கொண்டு செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதை உலகுக்கு எளிதாக்கிக் காட்டியவர் ஜான் டாப்ஸன். 1915இல் பீக்கிங் நகரில் பிறந்த அமெரிக்கர். 1944 முதல் 1967 வரை, இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்த சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாத நிலையில், கப்பல் சாளரத்துக் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாய்க்குள் அதைப் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியொன்றில் தாங்க வைத்தார். மடத்தைவிட்டு வெளிவந்த பிறகு தெருமுனைகளிலும், வண்டியில் ஏற்றிச் சென்று தேசியப் பூங்காக்களிலும், வழிப்போக்கர்களை அழைத்து அழைத்துக் காட்டினார். அவர் வண்டியேறிய கருவிகளில் 24 அங்குல ஆடி கொண்டதும் ஒன்று. 2014இல் அவர் மறைந்தார். பெட்டித் தாங்கி அவர் பெயராலேயே வழங்குகிறது. தூக்கி வைத்தால் நிற்கும், கையால் தள்ளினால் திரும்பும் என்பதால் பிரயாணத்துக்கு அதைவிட உகந்தது இல்லை.

இனி வண்டிக்கு வருவோம். எங்களிடம் இருந்தது பெட்டி போன்ற பழைய சிறு வேன். தொலைநோக்கி 8 அங்குல ஆடி கொண்டது. குழாயின் நீளம் ஏறத்தாழ 1.2 மீட்டர்; தாங்கியோடு சேர்ந்து 20 கிலோ எடை. முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கருவியை இறக்கி ஏற்றும் சிரமம் எதற்கு என்று, வேனின் தளத்திலேயே அதை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்து வியாழனைப் பார்க்க முயன்றேன். மகள் இருக்கையில் சற்றே அசைந்தாள். வியாழன் பார்வையைவிட்டே ஓடிவிட்டது. வண்டி வில்களின் மேல் நிற்கிறது அன்றோ? ஒரு மீட்டர் அகலமுள்ள தளம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால்கூடப் பார்வை 200 விகலைக்கு மேல் நகர்கிறது. வியாழனின் தோற்ற விட்டமோ 50 விகலைக்கும் குறைவு. அதாவது கிரகம் தன் அகலத்தைப் போல் நான்கு மடங்கு தள்ளிப்போகிறது. வண்டிக்குள்ளிருந்து எழும் வெப்பக்காற்று வேறு உருவத்தைக் கலங்கடிக்கிறது. உற்சவ மூர்த்தி தேரைவிட்டு இறங்கி மண்டபத்தில் எழுந்தருளுவது போல, கருவியும் வண்டியைவிட்டு இறங்கி மண்தரையில்தான் நிற்க வேண்டும். தார்ச்சாலை ஆகாது, பகலில் வாங்கிய சூட்டை அது நள்ளிரவு வரை விட்டுக்கொண்டிருக்கும். புல்தரையே நல்லது. எஞ்சின் பக்கமாகவும் நிற்கக் கூடாது.

கூரையை அறுத்து மூடி வைக்கலாமே, இருக்கைகளைக் கழற்றி எறியலாமே என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை வலியுறுத்திற்று. இருக்கைகளின் எண்ணிக்கையும் அந்தச் சான்றிதழில் அடங்கியதே. ஆகவே எதையும் துளையிடாமல், காலையில் கழற்றிவிட்டால் வண்டி பழையபடி குடும்ப வண்டியாகும்படி அமைத்துக்கொள்வதே அறிவுடைமை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். பின்னிருக்கையின் முதுகை மடித்து, அதன் மேல் ஒட்டுப்பலகை ஒன்றைப் பரப்பினோம். அதன் மேல் பழைய இலவம்பஞ்சு மெத்தை. குழாய் அதில் படுக்கும். இரண்டு பட்டைகளால் கட்டினால் உருளாது. பலகை அறுக்கும் முன் குழாயையும் வண்டியின் உள்ளகலத்தையும் அளந்து பாருங்கள். நான் அளக்காமல் ஒரு பலகையை வீணாக்கினேன். கண்வில்லைகள் பருத்தித் துணி விரித்த எவர்சில்வர் டப்பாவில் பத்திரமாக இருக்கும். எவ்வளவு பத்திரப்படுத்தினாலும், சாலைக் குலுக்கலில் ஆடி தன் நேர்நிலையிலிருந்து சற்று விலகவே செய்யும். இடம் சேர்ந்ததும் திருகாணிகளைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். பழகியவருக்கு ஐந்து நிமிட வேலை. பிறகு கருவியை வெளியே நிறுத்தி, ஆடி குளிரும் வரை ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். கட்டுச்சோற்றை அவிழ்க்க அதுவே தக்க நேரம்.

மின்சாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கருவியைச் சுழற்றும் மோட்டாரையோ பனி படியாமல் காக்கும் சூடேற்றியையோ வண்டியின் பாட்டரியோடு இணைக்காதீர்கள். எங்கள் இரண்டாவது பயணத்தில் அப்படிச் செய்து, விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி கிளம்பாமல், பால் ஏற்றிவந்த லாரிக்காரர் ஒருவரின் தயவால் வீடு சேர்ந்தோம். 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி கொண்ட தனிப் பாட்டரி ஒன்று போதும். மோட்டாருக்கு ஓர் ஆம்பியர், சூடேற்றிக்கு ஓர் ஆம்பியர் என்றால் ஆறு மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி செலவாகும், மிச்சமும் இருக்கும்.

வண்டிக்குள் உள்ள விளக்கு கதவைத் திறக்கும்போதெல்லாம் எரிவது பெருந்தொல்லை. கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். அவ்விளக்கை அணைத்து வையுங்கள். கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டுங்கள்.

எங்கே போவது? தில்லி அன்பர்கள் சரிஸ்கா வனத்தை ஒட்டிய ஊர்களுக்கும், மும்பை அன்பர்கள் வாங்கணிக்கும் செல்வது வழக்கம். லடாக்கில் ஹான்லே பகுதி 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வானம் அற்புதந்தான்; ஆனால் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். லேயில் சில நாள் தங்கி உடலைப் பழக்காமல் போகலாகாது. எங்கு சென்றாலும் ஊர்ப் பெரியவர்களிடமோ காவல் நிலையத்திலோ முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். இருட்டில் நீளக் குழாயைப் பார்ப்பவர் பீரங்கியென்று பயந்தால் அவர்மேல் குற்றமில்லை. நாளைத் தேர்வதற்குச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும்: அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. வடக்கே மழை மாதங்களும் மார்கழி மூடுபனியும் பயன்படா.

வண்டி இருளை மட்டும் அல்ல, அட்சரேகையையும் மாற்றித் தருகிறது என்பதை நம்மைப் போன்று ஊரைவிட்டு வந்தவர்கள் கவனிக்க வேண்டும். சுமார் 111 கிலோமீட்டர் தெற்கே போனால் தென்வானம் ஒரு பாகை உயர்கிறது. அகத்திய விண்மீன் தில்லியில் அடிவானத்துக்கு மேல் 9 பாகைகூட எழுவதில்லை. சென்னையில் 24 பாகை எழுகிறது. திரிசங்கு எனப்படும் தென்சிலுவையின் அடிமீன் தில்லியில் உதிப்பதே இல்லை. ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வுக் கூடம் அமைந்ததற்குத் தென்வானம் நன்கு தெரிவதும் ஒரு காரணம். கோடை விடுமுறைக்குச் சாலை வழியே ஊருக்குப் போகிறவர்கள் தொலைநோக்கியையும் ஏற்றிக்கொள்ளலாம். மே மாத நடுவில் இரவு 9 மணியளவில் அந்த அடிமீன் நேர்தெற்கில் நிற்கும்: நாக்பூரில் ஏறத்தாழ 6 பாகை உயரத்தில், ஐதராபாத்தில் ஒன்பதரை, சென்னையில் 14, கன்னியாகுமரியில் 19. பெட்டித் தாங்கி இல்லாமல் துருவ அச்சுள்ள தாங்கி வைத்திருப்பவர்கள், தில்லியில் 28½ பாகைக்கு வைத்த அச்சை வழிநெடுகத் தணித்துக்கொண்டே வந்து, சென்னையில் 13 பாகையில் நிறுத்த வேண்டும்.

சென்ற கோடையில் நாக்பூரைத் தாண்டி ஒரு வயலோரம் வண்டியை நிறுத்தினோம். என் மகள் தொலைநோக்கியை இறக்கவே விடவில்லை. நான்கு மீன்களையும் வெறுங்கண்ணால் தானே கண்டுபிடித்து எண்ணிய பிறகுதான் பட்டையை அவிழ்க்க இசைந்தாள்.