வெள்ளம் போன பிறகு மேடைக்குப் பின்னால்

செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கலாம், கணுக்கால்தான் நனையும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு வடகிழக்கே ஓடும் சைக்கமோர் கிரீக் இது. பாலைவன ஓடை. மலையில் ஒரு பேய்மழை கொட்டினால் போதும், இந்தச் சாது சேறும் கல்லுமாய்ச் சீறிவரும் காட்டாறாகிவிடும். கேமராக்காரர்கள் வெள்ளத்தைப் படம்பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு வேண்டியது அதற்கப்புறம் நடக்கிற கூத்து!

வெள்ளம் வடிந்ததும் கல்லைப் புரட்டினால் வெறும் கல், மணலை அள்ளினால் வெறும் மணல். இந்த ஓடையில் ஸ்டூவர்ட் ஃபிஷர், நான்சி கிரிம் குழுவினர் எடுத்த கணக்கு 1982-ல் வெளிவந்தது. பாசியை ஏறக்குறைய முழுவதுமாகவும், பூச்சிகள் முதலான முதுகெலும்பற்ற உயிர்களில் 98 சதவீதத்தையும் வெள்ளம் வழித்துக்கொண்டு போயிருந்தது. சரி, ஆட்டம் குளோஸ் என்றுதானே நினைப்பீர்கள்? இரண்டு மூன்று வாரத்தில் ஓடை பழையபடி களைகட்டிவிட்டதாம். எங்கள் தெருவில் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தை மூடவே அதைவிட அதிக நாளாகும்!

சூட்சுமம் தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. மேஃபிளை என்ற பூச்சியின் குஞ்சுகள் நீருக்கடியில் கல்லைப் பற்றிக்கொண்டு, வயிற்றின் இருபுறமும் இலை இலையாக இருக்கும் செவுள்களைப் படபடவென ஆட்டியபடி பாசி மேயும். வெள்ளம் வாரிக்கொண்டு போவது இவற்றைத்தான். அந்த நேரத்தில் சிறகு முளைத்து வெளியே போயிருந்த பெரியவை தப்பிவிடும். அவற்றுக்குச் சாப்பாடு கிடையாது. ஆயுளும் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான். அதற்குள் ஜோடி சேர்ந்து, ஓடைக்குத் திரும்பி முட்டையிட வேண்டும். இடுகின்றன! பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு விருந்தாகக் கல்லின்மேல் டயட்டம் பாசி ஏற்கெனவே படரத் தொடங்கியிருக்கும். வெயில் சூட்டில் வளர்ச்சி அசுர வேகம், ஒரே மாதத்தில் பல தலைமுறைகள்.

ஆனால் என் ஓட்டு வேறொருவருக்கு. அபீடஸ் ஹெர்பெர்டி என்ற பெரிய நீர்ப்பூச்சி. பறக்கத் தெரியாது. பெண் பூச்சி முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும், பொரிகிறவரை சுமப்பது அப்பா பாடு. இப்படிப்பட்டவருக்கு வெள்ளம் வந்தால் கதி? தண்ணீர் ஏறட்டும் என்று காத்திருந்தால் தொலைந்தது, திடீர் வெள்ளம் சுவர்போல வரும். அதனால் பலத்த மழை விடாமல் பெய்தாலே போதும், இவர் ஓடையைவிட்டு ஏறிக் கரையோரப் பாறைகளில் தொற்றிக்கொண்டு மேலே போய்விடுவார். டேவிட் லைட்டில் என்ற ஆய்வாளர் செயற்கை மழை பெய்யச் செய்தபோதும் பூச்சிகள் விறுவிறுவென்று கரையேறின. வெள்ளம் வடிந்தபின் இறங்கி வந்துவிடும். மழை எச்சரிக்கை வந்தபிறகும் மொபைலைத் தடவிக்கொண்டிருக்கும் நம்மைவிட இது எவ்வளவோ தேவலை.

இதையெல்லாம் எண்ணுவது எப்படி? யூஜின் சர்பர் 1937-ல் அறிமுகப்படுத்திய, ஒரு சதுர அடிச் சட்டமும் வலையும் சேர்ந்த கருவி இன்றும் ஓடை ஆய்வாளர்கள் கையில் புழங்குகிறது. சட்டத்தை ஓடையடியில் அழுத்தி வைத்து, உள்ளே இருக்கும் கற்களைத் தேய்த்துக் கழுவினால் பூச்சிகள் வலைக்குள் போகும். பிறகு வெள்ளைத் தட்டில் கொட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இந்த வேலையில் கவர்ச்சி ஒன்றும் கிடையாது, கழுத்துவலி உண்டு.

எல்லா ஓடைக்கும் இந்தக் கணக்கு செல்லாது. குளிர்ந்த மலை ஓடைகளில் ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சியின் சில இனங்கள் வளர்ந்து முடிக்கவே இரண்டு மூன்று வருடம் எடுக்கும், அங்கே மீட்சியும் மெதுவாகத்தான் வரும். ஆனால் பாலைவன ஓடையில் வெள்ளம் வடிந்த மறுநாள் யாராவது உங்களிடம் ‘எல்லாம் போச்சு’ என்று சொன்னால், இரண்டு வாரம் கழித்து வந்து கல்லைப் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த கல்லைத் திரும்ப அப்படியே வைக்கவும் சொல்லுங்கள்.