ஸ்லோ நெட்டில் முதல் லினக்ஸ்: இரணியலில் நான் கற்றுக்கொண்டது

(ஒலிபரப்பான பகுதியின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோடு முதல் தடவை லினக்ஸ் போடப் போறவங்களுக்கு. அதுலயும் நெட் வேகம் கம்மியா இருக்கிற இடத்துல உட்கார்ந்து போடப் போறவங்களுக்கு.

நான் சென்னையில இருக்கேன், ஃபைபர் இருக்கு, எனக்கு இது எதுக்குன்னு நீங்க கேக்கலாம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திட்டாங்க. பழைய லேப்டாப் பலதுல விண்டோஸ் 11 ஏறாது. அந்தப் பழைய லேப்டாப் இப்ப எங்க இருக்கு? பெரும்பாலும் ஊர்ல, அப்பா மேசை மேல. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப லினக்ஸ் போட்டுக் கொடுத்துட்டு வரலாம்னு கிளம்புவீங்க. அங்க போனா மொபைல்ல ரெண்டு கட்டை சிக்னல் இருக்கும்.

அதனால முதல்ல என் கதையைச் சொல்றேன். அதுல நான் செஞ்ச தப்பு எல்லாமே இன்னைக்கும் செய்யக்கூடிய தப்புதான்.

2008, இடவப்பாதி மழை

எங்க ஊர் இரணியல். கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைக்குப் பக்கம். நான் அப்போ இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். வீட்டுல ஒரே ஒரு கம்ப்யூட்டர். 512 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதுலதான் அக்கா எம்.ஃபில் ஆய்வேட்டை டைப் பண்ணிட்டு இருந்தா.

அந்த வருஷம் ஏப்ரல்ல உபுண்டு 8.04 வந்திருந்தது. அப்போ உபுண்டுவை ரெண்டு விதமா வாங்கலாம். ஒண்ணு, ஷிப்இட். இணையத்துல முகவரி கொடுத்தா கேனானிக்கல் நிறுவனம் சிடியை இலவசமா தபால்ல அனுப்பும். ஆனா வந்து சேர வாரக்கணக்குல ஆகும். இந்தத் திட்டத்தை 2011-ல நிறுத்திட்டாங்க. இன்னொண்ணு, நாமளே டவுன்லோடு பண்றது. எனக்குப் பொறுமை இல்ல, டவுன்லோடு போட்டேன்.

கணக்கு பாருங்க. 700 எம்பி சிடி. எங்க லைன் 256 கேபிபிஎஸ். எட்டு பிட் ஒரு பைட். ஆக வினாடிக்கு 32 கிலோபைட், அதுவும் முழு வேகம் கிடைச்சாத்தான். 700 எம்பிக்கு ஆறு மணி நேரம். அப்போ சில பிராட்பேண்ட் திட்டங்கள்ல ராத்திரி 2 மணியில இருந்து காலையில 8 மணி வரைக்கும் டவுன்லோடுக்குக் கணக்கு கிடையாது. அதுவும் சரியா ஆறு மணி நேரம். ஒரே ராத்திரியில முடிஞ்சிரும்னு நினைச்சேன்.

ஜூன் மாசம். வெளிய மழை. லைன் அறுந்து அறுந்து வந்தது. பிரவுசர்ல நிறுத்தி, தொடர்ந்து, மறுபடி நிறுத்தி, மூணு ராத்திரி ஆச்சு. நாலாம் நாள் காலையில சிடி எழுதி, போட்டு, மெஷினை ஆன் பண்ணினேன்.

உபுண்டு சிடியில முதல் மெனுவுலயே 'சிடியில குறை இருக்கான்னு பார்'னு ஒரு வரி உண்டு. அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். மூணு ராத்திரி காத்திருந்தவனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் பெருசாத் தெரிஞ்சது. தாண்டிப் போயிட்டேன்.

அடுத்து டிஸ்க்கைப் பிரிக்கிற திரை. எனக்கு சி டிரைவ், டி டிரைவ் தெரியும். அங்க எஸ்டிஏ1, எஸ்டிஏ5-னு இருந்தது. எது எதுன்னு புரியல. மேல ஒரு சுலபமான தேர்வு இருந்தது: முழு டிஸ்க்கையும் எடுத்துக்கோ. அக்காவோட கோப்பை சி டிரைவ்ல இருந்து டி டிரைவுக்கு காப்பி பண்ணி வச்சிருந்தேன். அதையே பேக்கப்னு நம்பினேன். ரெண்டும் ஒரே டிஸ்க்தான்ங்கிற யோசனையே வரல.

பாதிக்கு மேல போய் நின்னுது. சிடியில இருந்து ஒரு கோப்பைப் படிக்க முடியலைன்னு செய்தி. திரும்ப முயற்சி பண்ணினாலும் அதே இடத்துல நின்னுது.

இப்போ நிலைமை என்ன? விண்டோஸ் இல்ல. லினக்ஸ் முழுசா ஏறல. அக்காவோட ஆய்வேடு இல்ல. மறுபடி டவுன்லோடு பண்ணலாம்னா, டவுன்லோடு பண்ண வேண்டிய கம்ப்யூட்டரே இதுதான்.

அக்கா வந்து திரையைப் பார்த்துட்டு, "என்னடே செஞ்சு வச்சிருக்க?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டா. அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்கூடப் பேசல. கைடுகிட்ட கொடுக்க அவளுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

ரயிலில் வந்த சிடி

திருவனந்தபுரத்துல படிச்ச ஒரு நண்பனுக்கு லேண்ட்லைன்ல போன் போட்டேன். எங்க ஊர்ல இருந்து ரயில் ஏறினா குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி திருவனந்தபுரம். எல்லைக்கு அந்தப் பக்கம் லினக்ஸ் அப்பவே சகஜம். இந்தியாவோட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ல தொடங்கினது திருவனந்தபுரத்துலதான். கேரளத்துப் பள்ளிக்கூடங்கள்ல ஐடி அட் ஸ்கூல் திட்டம் வழியா பிள்ளைங்க லினக்ஸ்லதான் கம்ப்யூட்டர் படிச்சாங்க.

அவன் கேட்ட முதல் கேள்வி, "மக்கா, சிடியை செக் பண்ணினியா?" நான் பதில் சொல்லல. "செரி, வெள்ளிக்கிழமை வண்டியில வாறேன்"னான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரணியல் ஸ்டேஷன்ல இறங்கினான். கையில ரெண்டு சிடி, ஒரு பென் டிரைவ். இதை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாசஞ்சர் வண்டி சுமார் ஒன்றரை மணி நேரம். அதுக்குள்ள 700 எம்பி வந்து சேருதுன்னா வினாடிக்கு ஒரு மெகாபிட். எங்க வீட்டு லைனைவிட நாலு மடங்கு வேகம். ரெண்டு சிடின்னா எட்டு மடங்கு. மழை பெஞ்சாலும் கோப்பு அறுந்து போகாது.

இதுல திருட்டுத்தனம் எதுவும் இல்லங்கிறதைக் கவனிங்க. விண்டோஸ் சிடியை இப்படி காப்பி பண்ணிக் கொடுத்தா உரிம மீறல். உபுண்டு மாதிரி ஒரு சிஸ்டத்தைப் பகிர்றதுக்கு உரிமமே அனுமதி கொடுக்குது. ஊர்ல ஒருத்தர் டவுன்லோடு பண்ணினா ஊருக்கே போதும். ஸ்லோ நெட் இருக்கிற இடத்துல கட்டற்ற மென்பொருளோட இந்த உரிமைதான் உடனே கைக்கு உதவுற உரிமை.

அவன் முதல் வேலையா என் பழைய சிடியைப் போட்டு அந்தக் குறை பார்க்கிற வரியை ஓட்டினான். ஒரே ஒரு கோப்புல பிழைன்னு காட்டுச்சு. டவுன்லோடுல கெட்டதா, எழுதும்போது கெட்டதா தெரியாது. எதுவா இருந்தாலும் அந்த ஒரு சோதனை, டிஸ்க்கைத் தொடுறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கும்.

புது சிடியில அரை மணி நேரத்துல உபுண்டு ஏறிடுச்சு. ஓப்பன்ஆஃபீஸ் அதுலயே இருந்தது. அக்காகிட்ட கைடு திருத்திக் கொடுத்த பழைய பிரின்ட்அவுட் ஒண்ணு இருந்தது, 84 பக்கம். அடுத்த ஒரு வாரம் நான்தான் டைப் பண்ணினேன். அவ பக்கத்துல உட்கார்ந்து திருத்தம் சொன்னா. நான் லினக்ஸ்ல செஞ்ச முதல் உருப்படியான வேலை அதுதான்.

பாட்டு கேட்டுக்கிட்டே டைப் பண்ணலாம்னு பார்த்தா எம்பி3 ஓடல. அந்த வடிவத்துக்கு அப்போ காப்புரிமை இருந்ததால அதை இயக்குற நிரல் சிடியில வராது, நெட்லதான் எடுக்கணும். நண்பன் கொண்டு வந்த பென் டிரைவ் அதுக்குத்தான். அவனோட மெஷின் ஏற்கெனவே இறக்கி வச்சிருந்த பேக்கேஜ் கோப்புகளை அப்படியே எடுத்து வந்திருந்தான். ரெண்டு பேரும் ஒரே பதிப்புங்கிறதால அது எனக்கும் ஒத்துப்போச்சு.

இன்னைக்கும் அதே ஆறு மணி நேரம்

2004-ல அரசாங்கம் பிராட்பேண்டுன்னா குறைஞ்சது 256 கேபிபிஎஸ்னு வரையறுத்தது. 2023-ல அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கினாங்க. எட்டு மடங்கு. இதே காலத்துல உபுண்டு 700 எம்பியில இருந்து சுமார் 6 ஜிபி ஆயிடுச்சு. அதுவும் எட்டு மடங்குக்கு மேல. ஆக, குறைஞ்சபட்ச வேகத்துல இருக்கிறவருக்கு இன்னைக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேலதான். அதனால ஊருக்குக் கிளம்புறவங்க இதை வரிசையாச் செய்யுங்க.

ஒண்ணு: வேகமான இடத்துலயே இறக்கிடுங்க. சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ உங்க ரூம்ல இறக்கி, பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. ஊர்லதான் இறக்கணும்னா சின்னதாத் தேர்ந்தெடுங்க. லினக்ஸ் மின்ட் சுமார் 3 ஜிபி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி மொபைல் டேட்டான்னா ரெண்டு நாள். 6 ஜிபின்னா நாலு நாள்.

ரெண்டு: கோப்பு சின்னதா இருக்குன்னு ஏமாறாதீங்க. டெபியன்ல நெட்இன்ஸ்டால்னு ஒண்ணு உண்டு. ஒரு ஜிபிகூட இருக்காது. ஆனா டெஸ்க்டாப் முழுக்க இன்ஸ்டால் பண்ணும்போதுதான் நெட்ல இருந்து இழுக்கும். பாதியில சிக்னல் போனா நீங்களும் பாதியில. ஸ்லோ நெட்டுக்கு முழு லைவ் இமேஜ்தான் சரி. நெட்டே இல்லாம ஏறும். இன்ஸ்டால் பண்றப்ப 'அப்டேட்டையும் சேர்த்து இறக்கு'ன்னு கேட்டா டிக்கை எடுத்துடுங்க.

மூணு: டோரன்ட்ல இறக்குங்க. பெரிய லினக்ஸ் பதிப்புகள் அதிகாரபூர்வமாவே டோரன்ட் கொடுக்கிறாங்க. அது கோப்பைத் துண்டு துண்டாப் பிரிச்சு ஒவ்வொரு துண்டையும் சரிபார்க்கும். லைன் அறுந்தா விட்ட இடத்துல இருந்து தொடரும். கெட்டுப்போன துண்டை மட்டும் மறுபடி எடுக்கும்.

நாலு: முத்திரையைச் சரிபாருங்க. டவுன்லோடு பக்கத்துல ஷா256-னு 64 எழுத்து-எண் வரிசை ஒண்ணு கொடுத்திருப்பாங்க. கோப்போட கைரேகைன்னு வச்சுக்கோங்க. கோப்புல ஒரே ஒரு பிட் மாறினாலும் இந்த வரிசை முழுக்க மாறிடும். உங்க கோப்புக்கு அதைக் கணக்கிட விண்டோஸ்லயே செர்ட்யூட்டில்னு கட்டளை இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா மேல போங்க. இல்லைன்னா நில்லுங்க. ஒரு நிமிஷ வேலை.

அஞ்சு: பேக்கப் அந்த மெஷினுக்கு வெளியில இருக்கணும். டி டிரைவ் பேக்கப் இல்ல. வெளி ஹார்ட் டிஸ்க்கோ பென் டிரைவோ வேணும். எடுத்ததை இன்னொரு மெஷின்ல திறந்தும் பாருங்க. பிட்லாக்கர் மாதிரி பூட்டு போட்டிருந்தா மீட்புச் சாவியை முதல்லயே எழுதி வச்சுக்கோங்க.

ஆறு: ரெண்டு பென் டிரைவ். ஒண்ணுல லினக்ஸ். இன்னொண்ணுல, எதுவும் சரிப்படலைன்னா பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் நிறுவி. 2008-ல என்கிட்ட இல்லாம போனது இந்த ரெண்டாவதுதான். ஸ்லோ நெட்ல ஆபத்து, காத்திருக்கிற நேரத்துல இல்ல. தப்பு நடந்த பிறகு, திருத்துறதுக்கான கருவியும் அதே மெஷின்லயே அழிஞ்சு போறதுலதான்.

ஏழு: லைவ்ல ஓட்டிப் பாருங்க. பென் டிரைவ்ல இருந்தே லினக்ஸை ஓட்டி வைஃபை, சவுண்டு, கேமரா, அப்பாவோட பிரின்டர் எல்லாம் வேலை செய்யுதான்னு பாருங்க. டிஸ்க்கைத் தொடாது. வைஃபை வரலைன்னா போனை யுஎஸ்பி கேபிள்ல இணைச்சு டெதரிங் போடுங்க, பெரும்பாலும் உடனே எடுத்துக்கும். அந்த வழியா டிரைவரை இறக்கிக்கலாம்.

இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் இன்ஸ்டால் பட்டன். முழு டிஸ்க்கையும் அழிக்கவான்னு அது கேக்கும். கையை எடுத்துட்டு, வீட்டுல இருக்கிற எல்லார்கிட்டயும் ஒரு தடவை கேளுங்க: இதுல உங்களோடது ஏதாவது இருக்கா?

நான் அன்னைக்கு அக்காகிட்ட அதைக் கேக்கல. இப்போ அவ வீட்டு லேப்டாப்புலயும் லினக்ஸ்தான், போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஆனா பென் டிரைவைச் செருகினதுமே அவ தன்னோட ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி அலமாரியில வச்சுப் பூட்டிட்டு வந்துதான் பக்கத்துல உட்கார்ந்தா.

ஊருக்குப் போறவங்க பென் டிரைவை மறக்காதீங்க. போட்டு முடிச்சதும் அதை ஃபார்மட் பண்ணிடாதீங்க, பக்கத்து வீட்டுலயும் ஒரு பழைய லேப்டாப் இருக்கும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.