ஒரே மவுஸ், ஒரே கீபோர்டு... 4 கம்ப்யூட்டர்! எப்படி சாத்தியம்? முழு விவரம்

ஆபீஸ் கொடுத்த லேப்டாப் ஒருபக்கம், சொந்த கம்ப்யூட்டர் இன்னொரு பக்கம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பலரின் மேஜை இப்படித்தான் இருக்கிறது. ஒரு மவுஸை நகர்த்திவிட்டு, வேறு ஸ்க்ரீனைப் பார்த்து 'ஏன் நகரவே மாட்டேங்குது?' என முழிப்பதும் சகஜம். பைசா செலவில்லாமல் இதற்கு வழி இருக்கிறது. ஆனால், ஆபீஸ் லேப்டாப் என்றால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும்.

எப்படி வேலை செய்கிறது?

எல்லா கம்ப்யூட்டரிலும் ஒரே சாஃப்ட்வேரை போட வேண்டும். மவுஸ் பாயிண்டர் ஸ்க்ரீனின் ஓரத்தைத் தொட்டதும், அடுத்த கம்ப்யூட்டருக்குத் தாவிவிடும். அதன்பிறகு மவுஸ் அசைவும், தட்டும் எழுத்துகளும் வீட்டு வைஃபை வழியாக அங்கே போகும். படம் எதுவும் போகாது. அதனால், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி ஸ்க்ரீன் தேவை.

விண்டோஸில் எப்படி?

மைக்ரோசாஃப்ட் 2011-ல் வெளியிட்ட 'மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ்', 2023 முதல் இலவச 'பவர்டாய்ஸ்' தொகுப்பில் கிடைக்கிறது. 4 கம்ப்யூட்டர் வரை இணைக்கலாம்.

* முதல் கம்ப்யூட்டரில் ஒரு ரகசியக் குறியீட்டை உருவாக்க வேண்டும்.
* இரண்டாவது கம்ப்யூட்டரில் அந்தக் குறியீட்டையும், முதல் கம்ப்யூட்டரின் பெயரையும் கொடுத்து இணைக்க வேண்டும்.
* மேஜையில் எது இடம், எது வலம் என்பதை அதே வரிசையில் செட்டிங்கிலும் அடுக்க வேண்டும். மாறினால், பாயிண்டர் எதிர்பக்கம் ஓடும்.

ஒரு கம்ப்யூட்டரில் காப்பி செய்து, இன்னொன்றில் பேஸ்ட் செய்யவும் முடியும்.

ஆப்பிள், லினக்ஸ்?

மேக், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு 'யுனிவர்சல் கன்ட்ரோல்' உள்ளேயே இருக்கிறது. 2022 மார்ச்சில் அறிமுகமான இந்த வசதிக்கு, எல்லா கருவிகளிலும் ஒரே ஆப்பிள் கணக்கு இருக்க வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் என கலந்து வைத்திருந்தால் 'டெஸ்க்ஃப்ளோ', 'இன்புட் லீப்' ஆகிய இலவச சாஃப்ட்வேர்கள் கைகொடுக்கும்.

எதில் கவனம் தேவை?

தட்டும் பாஸ்வேர்டும் நெட்வொர்க் வழியாகத்தான் போகிறது. எனவே ஹாஸ்டல், காபி ஷாப் வைஃபையில் இதைத் தவிர்ப்பது நல்லது. டெஸ்க்ஃப்ளோ போன்றவற்றில் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் ஐடி பிரிவின் அனுமதி இல்லாமல் போடவே கூடாது. அங்கே காப்பி செய்த வாடிக்கையாளர் விவரம், சொந்த கம்ப்யூட்டரில் பேஸ்ட் ஆனால் தகவல் கசிவாகிவிடும். 'தெரியாம நடந்துடுச்சு' என்ற விளக்கம் எடுபடாது. வேலைக்கே ஆபத்து வரலாம்.

சாஃப்ட்வேருக்கு அனுமதி இல்லை என்றால்?

கேவிஎம் ஸ்விட்ச் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. கீபோர்டு, மவுஸ், மானிட்டர் மூன்றையும் அதில் செருகி, பட்டனை அழுத்தி கம்ப்யூட்டரை மாற்றிக்கொள்ளலாம். நெட்வொர்க்கும் வேண்டாம், சாஃப்ட்வேரும் வேண்டாம். ஆனால், காப்பி-பேஸ்ட் வசதி கிடைக்காது. ஆபீஸ் தகவலைப் பொறுத்தவரை அதுவே பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று: பழைய கீபோர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வைஃபை போனாலோ, கம்ப்யூட்டர் முழுமையாக ஆன் ஆகாமல் நின்றாலோ சாஃப்ட்வேர் உதவாது. அப்போது அந்தக் கீபோர்டுதான் கைகொடுக்கும்.