விரலுக்கேற்ற வீக்கம்

நமுனுகுல மலைச்சாரலில் வாழும் நம் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு வினா விடுத்தார். "ஐயா, எங்கள் மொறிஸ் மைனருக்கு ஒரு காபுரேற்றருக்குப் பதிலாக இரண்டைப் பொருத்தினால் என்ன?" அவ்வண்டியின் வாடகை வருமானமே அக்குடும்பத்தின் ஆதாரம்; இரவில் நோயாளரைப் பதுளைக்கு இட்டுச் செல்வதும் அதுவே. ஆதலின் இவ்வினாவை விளையாட்டாகக் கொள்ளுதல் தகாது.

காபுரேற்றரின் தொழில் யாது? நிறையளவில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோலைக் கலந்து ஊட்டுவதே. எஞ்சின் எவ்வளவு காற்றை உட்கொள்ளும் என்பதை எளிதிற் கணிக்கலாம். கன அங்குலத்தில் அதன் கொள்ளளவை நிமிடச் சுழற்சியாற் பெருக்கி, 3,456 ஆல் வகுத்தால் நிமிடத்திற்குரிய கன அடி கிடைக்கும். அமெரிக்காவில் 1964 இல் வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரி.ஓ. வண்டியின் எஞ்சின் 389 கன அங்குலம். 5,000 சுழற்சியில் அதற்கு 563 கன அடி வேண்டும். காபுரேற்றர் ஒன்றுடன் 325 குதிரைவலுவும், மூன்றுடன் 348 குதிரைவலுவும் அது தந்தது. நம் மைனரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினோ 58 கன அங்குலமே. அதே சுழற்சியில் அதற்கு 84 கன அடி போதும்.

அதே இன எஞ்சினுக்கு 1958 இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் வண்டியில் இரட்டைக் காபுரேற்றர் பூட்டினர். மைனரின் 37 குதிரைவலு அங்கே 43 ஆயிற்று. ஆனால் அந்த மிகுதி உயர் சுழற்சியிலேயே வெளிப்படும். பசறை வளைவுகளில் இரண்டாம் கியரில் ஊர்ந்தேறும் வண்டிக்கு அதனாற் பயன் சிறிதே. இரண்டும் சமமாகக் காற்றிழுக்குமாறு சீர்செய்யும் வேலையோ இரட்டிப்பாகும்.

மலைவாசிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1,000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தினும் ஏறக்குறைய 10 வீதம் குறைவு. கொழும்பிற் சீர்செய்த வண்டிக்கு இங்கே பெற்றோல் மிகையாகும். புகை கறுக்கும், பிளக்கில் கரி படியும். எஞ்சின் சூடேறி மெல்ல ஓடும்போது எஸ்.யு. காபுரேற்றரின் உந்தியை ஒரு மில்லிமீற்றர் அளவு உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி அவ்வாறே நிலைத்தால் கலவை செறிவு. எஞ்சின் நின்றுவிடின் மெலிவு. சற்றே கூடி உடனே தணியின் சரி. செறிவாயின் அடியிலுள்ள திருகுமரையைச் சிறிது மேல்நோக்கித் திருகுக. ஆனால் நெடுநாள் ஓட்டத்திற்காகச் சமவெளிக்கு இறங்கும்போது மீண்டும் சரிபார்த்தல் அவசியம். மெலிந்த கலவை வால்வுகளைச் சுட்டுவிடும்.

2022 ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் காருக்கு வாரம் 20 லீற்றர் மட்டுமே கிடைத்ததை நாம் மறக்கவில்லை. வீணாகும் ஒவ்வொரு துளியும் குடும்பத்தின் உணவிற் குறையும் துளியன்றோ? ஆகவே அம்மாணவருக்கு நாம் கூறியது இதுவே: இருக்கும் ஒன்றைச் செம்மை செய்க, எஞ்சும் பணத்தில் முதலில் பிரேக்கைப் பழுது பார்க்க. மலைப்பாதையில் ஏறுவதற்கு வேண்டிய வலுவினும் இறங்குவதற்கு வேண்டிய காவல் பெரிது.