நூலகரும் அலுமாரித் திறப்பும்

நாம் பார்த்த பாடசாலைகள் பலவற்றிலே நூலகம் என்பது கண்ணாடிக் கதவிட்ட அலுமாரிகள் வரிசையாக நிற்கும் ஓர் அறை. நூல்களின் முதுகுகளை மாணாக்கர் கண்ணாரக் காணலாம். கையாலே தொடுதற்கு மட்டும் இயலாது. திறப்பு நூலகப் பொறுப்பாசிரியரின் சட்டைப்பையிலே இருக்கும். அவரோ, அன்றையதினம் வராத ஆசிரியர் ஒருவருக்குப் பதிலாக வேறொரு வகுப்பிலே சத்தத்தை அடக்கிக்கொண்டு நிற்பார்.

இதற்காக அவரைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆண்டுதோறும் நடைபெறும் பொருட் கணக்கெடுப்பிலே நூலொன்று குறைந்தால் விளக்கம் கூறவேண்டியவர் அவர். சிலவேளை அதன் விலையைக் கொடுக்கவேண்டியவரும் அவரே. எத்தனை நூல்கள் உள்ளன என்று கேட்பார்கள். எத்தனை நூல்கள் வாசிக்கப்பட்டன என்று கேட்பார் இல்லை. இந்நிலையில், நூல் வெளியே போகாதிருப்பதே தமக்குப் பாதுகாப்பு என்று ஒருவர் எண்ணினால், அவ்வெண்ணத்தை அவருக்கு ஊட்டியவர்கள் நாமே.

இம்மனப்பான்மையை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் சீர்காழியிலே 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். அவர் தொடக்கத்தில் நூலகரல்லர், கணித ஆசிரியர். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்பித்தவர். 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தபோது, வகுப்பறையின் கலகலப்பின்றி ஆளரவமற்ற அந்த இடத்திலே இருக்கமாட்டாமல், பழைய வேலைக்கே திரும்பிவிட விரும்பினார். இங்கிலாந்து சென்று பயின்று வாரும், அதன் பின்னரும் பிடிக்காவிடில் திரும்பலாம் என்று கூறி அவரை அனுப்பிவைத்தனர். அங்கே நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தவர், 1925இல் வேறொரு மனிதராகத் திரும்பினார். தாம் விட்டுவந்ததாக எண்ணிய கற்பித்தற் றொழிலை நூலகத்திலும் நடத்தலாம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் பற்றிய நூல் நூலகத் துறையினர் யாவரும் அறிந்தது. நூல் பயன்படுத்துதற்கே உரியது என்பதே முதல் விதியின் சாரம். இதைச் சொல்லவும் ஒருவர் வேண்டுமா என்று தோன்றும். ஆயின் ஐரோப்பாவிலே ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்த வரலாற்றை அவர் அந்த விதியின் கீழேதான் விரித்துரைக்கிறார். சங்கிலி போய்ப் பூட்டு வந்தது, அவ்வளவே. வாசகன் தானே தட்டுகளிடையே உலாவி நூலைத் தேர்தல் வேண்டும் என்பது மூன்றாம் விதியிலே அவர் வலியுறுத்தும் செய்தி. பாடசாலை, கல்லூரி நூலகங்களைப் பற்றி 1942இல் தனி நூலொன்றும் எழுதினார்.

அவருக்கும் எமக்கும் நேரான ஒரு தொடர்பு உண்டு. 1959இல் திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடத்தை அமைத்தபோது ஆலோசனை கூறியவர்களுள் அவரும் ஒருவர். அந்நூலகத்திலே 1967இல் சிறுவர் பகுதியும் தொடங்கப்பெற்றது. 1981இல் அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் தீக்கிரையாயின. அதை நம்மவர் எவரும் மறந்திலர். ஆனால் பாடசாலை அலுமாரியிலே வாசிப்பாரின்றிச் செல்லரிக்கும் நூல்களை எண்ணி வருந்துவோர் சிலரே.

நாம் முன்னர் கற்பித்த பாடசாலையொன்றுக்கு நூலகப் பொறுப்பாசிரியையாக ஓர் அம்மையார் வந்தார். முதல் வாரத்திலேயே பூட்டுகளைக் கழற்றிவிட்டார். அடுத்து, ஆசிரியர் அறைக்கு வந்து ஒவ்வொருவரிடமும், “சேர், வாற தவணை ஒன்பதாம் வகுப்புக்கு என்ன படிப்பிக்கப் போறியள்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பாடம் தொடங்கும் வாரத்திலே அதற்குரிய நூல்கள் தனி மேசையொன்றில் அடுக்கப்பட்டிருக்கும். எமது வரலாற்றுப் பாடத்துக்கு அவர் எடுத்துவைத்தவற்றுள் இரண்டை நாமே அதுவரை பார்த்ததில்லை. இதைச் சொல்ல இன்றும் சிறிது கூச்சமாகவே இருக்கிறது.

நூலகப் பாடவேளையை நாம் இரவல் வாங்குவது வழக்கம். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும், முடியாத பாடத்தை முடிப்பதற்கு அந்த நாற்பது நிமிடங்களையே எடுப்போம். முன்பிருந்தவர்கள் மறுத்ததில்லை. இவரோ ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று, “கணித பாடவேளையை நான் கேட்டால் தருவியளோ?” என்று வினவினார். எவரும் விடை கூறவில்லை. எமக்கு அன்று கோபமே வந்தது. எனினும் அதன்பின் அவ்வேளையை எவரும் கேட்கவில்லை.

ஆண்டு முடிவிலே கணக்கெடுப்பு நடந்தது. 11 நூல்கள் குறைந்தன. அம்மையார் இரவற் பதிவேட்டை எடுத்து முன்னே வைத்தார். முந்திய ஆண்டிலே சில பக்கங்களோடு நின்றிருந்த பதிவேடு, அவ்வாண்டிலே முடிந்து இரண்டாவது கொப்பியும் தொடங்கியிருந்தது. வந்தவர்கள் அதைப் புரட்டிப் பார்த்தனர். பார்த்துவிட்டுக் குறைந்த 11 நூல்களுக்கும் விளக்கம் எழுதித் தரும்படி கேட்டனர். அடுத்த தவணைக்குள் நான்கு நூல்கள் எவரும் அறியாமல் மேசைக்குத் திரும்பிவந்தன. எஞ்சிய ஏழின் விலையையும் அவர் தமது சம்பளத்திலிருந்தே செலுத்தினார்.

அந்த ஏழனுள் ஒன்று எமது வீட்டிலே கிடந்தது. ஆசிரியர் என்ற உரிமையிலே பதியாமல் எடுத்துச் சென்று, மறந்திருந்தோம். கண்டெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டிலே எமது பெயரை எழுதி, மாணாக்கருக்குச் செய்வது போலவே, திருப்பிய திகதியையும் இட்டார். பணத்தை நீட்டினோம், வாங்க மறுத்துவிட்டார்.

மூன்று ஆண்டுகளின் பின் அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். பூட்டுகள் மீண்டும் வந்தன. நூலகப் பாடவேளையை நாமும் மீண்டும் இரவல் வாங்கினோம்.

ஒருவருடைய துணிவிலே தங்கியிருக்கும் சீர்திருத்தம் அவரோடு போய்விடுவதில் வியப்பில்லை. ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து உழைக்கும் இடத்திலே மாணாக்கரின் வாசிப்பும் கல்வியும் உயர்கின்றன என்று யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனமும் 1999இல் வெளியிட்ட பாடசாலை நூலகப் பிரகடனம் கூறுகின்றது. அவ்வாறு சேர்ந்து உழைப்பதற்கு நூலகருக்குப் பாடத்திட்டம் வகுக்கும் கூட்டத்திலே ஓர் இருக்கை வேண்டும். பதிலாள் கடமையிலிருந்து விடுதலை வேண்டும். தொலைந்த சில நூல்களைத் தேய்மானமாகக் கொள்ளும் பெருந்தன்மை மேலிடத்துக்கு வேண்டும். இவற்றை நூலகர் தனித்து நின்று கேட்டால், அந்த அம்மையாருக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும்.

பெற்றார் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பெற்றார் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலே பரீட்சைப் பெறுபேறு பற்றியும் மதிற்சுவர் பற்றியும் பேசுகிறோம். அடுத்த கூட்டத்திலே, இவ்வாண்டு பிள்ளைகள் இரவல் பெற்ற நூல்கள் எத்தனை என்று ஒருவர் எழுந்து கேட்கட்டும். கேள்வி அதிபரை நோக்கியதாக இருந்தாலும், பதிவேட்டுடன் முன்னே வந்து விடைகூற நூலகரை அழைக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.