இடுப்பு உறுப்பு இறக்கத்திற்கான வலை அறுவையின் பிந்தைய சிக்கல்கள்

இடுப்புத்தளத் தசைகளும் இணைப்புத் திசுக்களும் தளர்வதால் கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் போன்றவை யோனிப் பகுதிக்குள் சரிவது இடுப்பு உறுப்பு இறக்கம் எனப்படும். கருப்பை இறங்குவதைப் பேச்சு வழக்கில் அடி இறக்கம் என்பர். தளர்ந்த சுவரைத் தாங்க, யோனி வழியாகப் பாலிப்ரொப்பிலீன் வலையைப் பொருத்தும் அறுவை 2000களில் பரவலானது. வலை உடலில் நிரந்தரமாகத் தங்குவதால், சிக்கல்கள் சில மாதங்களோ பல ஆண்டுகளோ கழித்தும் தோன்றலாம்.

சிக்கல்கள்

யோனிச் சுவர் மெலிந்து வலை வெளியே தெரிவதே அதிகம் காணப்படும் சிக்கல். இதனால் இரத்தக்கசிவு, நீர்க்கசிவு, தொற்று, உடலுறவின்போது வலி ஆகியவை ஏற்படும். துணைவருக்கும் வலை உறுத்தலாம். திசு வளர்ந்து வடுவாகும்போது வலை சுருங்கி, இடுப்பிலும் தொடையிலும் நீடித்த வலியைத் தரலாம். அரிதாக வலை சிறுநீர்ப்பையையோ குடலையோ துளைக்கக்கூடும். உறுப்பு மீண்டும் இறங்குவதும் உண்டு.

அறிதலும் சிகிச்சையும்

காலம் கடந்து வரும் வலியைப் பழைய அறுவையோடு தொடர்புபடுத்தத் தவறுவது எளிது. எனவே வலை பொருத்தப்பட்டதை ஒவ்வொரு மருத்துவரிடமும் தெரிவிப்பதும், அறுவைக் குறிப்புகளைப் பாதுகாப்பதும் அவசியம். சிறிய வெளிப்பாட்டிற்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு பயன்படலாம். மற்றவற்றிற்கு வலையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்ற நேரிடும். திசு வலைக்கண்களுக்குள் ஊடுருவி வளர்வதால் முழுமையாக அகற்றுவது கடினம். அகற்றிய பின்னும் வலி தொடரலாம்.

கட்டுப்பாடுகள்

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வலைகள், ஏற்கெனவே விற்பனையில் இருந்த கருவிகளை ஒத்தவை என்ற அடிப்படையில் 2002 முதல் அனுமதிக்கப்பட்டன. கடுமையான சிக்கல்கள் அரிதானவை அல்ல என்று அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. 2016இல் இவற்றை அதிக இடர் கொண்ட கருவிகளாக வகைப்படுத்தியது. வலையில்லா அறுவையைவிடச் சிறந்தவை என்பதற்குப் போதிய சான்று இல்லாததால், 2019 ஏப்ரல் 16 அன்று விற்பனையை நிறுத்த ஆணையிட்டது. வயிற்று வழியே பொருத்தும் வலைக்கும், சிறுநீர்க் கசிவுக்கான நாடாவுக்கும் இவ்வாணை பொருந்தாது.

இங்கிலாந்தில் 2018 சூலையில் இவ்வறுவைகள் இடைநிறுத்தப்பட்டன. பெண்களின் முறையீடுகள் நெடுங்காலம் செவிமடுக்கப்படவில்லை என்று 2020இல் வெளியான கம்பர்லெஜ் அறிக்கை கூறியது.

மாற்று வழிகள்

இடுப்புத்தளப் பயிற்சிகள், யோனியில் பொருத்தும் பெசரி வளையம், நோயாளியின் சொந்தத் திசுக்களைக் கொண்டே சுவரைத் தைத்துச் சீரமைக்கும் அறுவை ஆகியவை வலையில்லா வழிகளாகும்.